தாசேக் கெலுகோரில் ஒரு தரைவீடு என்ன விலை?

பட்டர்வொர்த்தில் புறப்படும் கேடிஎம் கொமுட்டர் ரயில் புக்கிட் மெர்தாஜாமைத் தொட்டு வடக்கே திரும்பியதும் இருபுறமும் செம்பனையும் வயலும் வரும். நடுநடுவே தாமான்கள் எனும் குடியிருப்புகளின் கூரை வரிசைகள். அடுத்த நிறுத்தம் தாசேக் கெலுகோர். இன்னும் கொஞ்சத் தூரம் போனால் மூடா ஆறு. ஆற்றைத் தாண்டினால் கெடா. தீவில் இருப்பவர்களுக்கு இது பினாங்கின் ஏதோ ஒரு மூலை. ஆனால் தீவில் வேலை பார்க்கும் பையனுக்குப் பெண் பேசப் போனால், சம்பளத்தைக் கேட்ட கையோடு "வீடு எந்தத் தாமான்ல தம்பி?" என்று கேட்கிறார்கள். பதிலாக வரும் பெயர்களில் தாசேக் கெலுகோர், கெப்பாளா பத்தாஸ், கூலிம், சுங்கைப் பட்டாணி என்பவைதான் இப்போது அதிகம்.

கண்ணுக்கெட்டிய தூரம் நிலம் கிடக்கும் ஊர் இது. இங்கேயாவது ஒரு சாதாரணத் தொழிலாளி, இருபதுக்கு எழுபதடி மனையில் ஒரு தரைவீட்டைத் தன் சம்பளத்தில் வாங்க முடிய வேண்டும். பலரால் முடியவில்லை. ஏன் என்று தேடிப் போனால், இந்த ஊர் வீட்டுக்கான விலை இந்த ஊரில் முடிவாகவில்லை என்பது தெரிகிறது. தீவைச் சுற்றியுள்ள கடல், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் வாசல், கோலாலம்பூரில் மத்திய வங்கியின் கூட்ட அறை, மாவட்ட நில அலுவலகத்தில் கிடக்கும் ஒரு கோப்பு என்று நான்கு இடங்களில் முடிவாகிறது. வாங்குகிறவர் இந்த நான்கில் ஒன்றிலும் இல்லை.

தீவு நெருக்கினால் இக்கரை விலை ஏறும்

பினாங்குத் தீவு ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர். நடுவில் மலை. 76 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட மலைநிலத்தில் கட்டுமானத்துக்குப் பொதுவாகத் தடை இருக்கிறது. இருக்கவும் வேண்டும், மண் சரிந்தால் கீழே இருப்பவர்கள்தான் பலி. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், கட்டுவதற்கு மிஞ்சுவது கரையோரச் சமவெளியும் கடலைத் தூர்த்து எடுக்கும் நிலமும்தான். 2020 மக்கள் கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 7.9 லட்சம் பேர். பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் பரப்பு 750 சதுர கிலோமீட்டர் அளவு, மக்கள் சுமார் 9.5 லட்சம். ஒரு சதுர கிலோமீட்டருக்குத் தீவில் 2,600 பேர் என்றால் இக்கரையில் அதில் பாதிதான்.

தீவு நிரம்பத் தொடங்கியதற்கு ஒரு தேதி உண்டு. 1969இல் பினாங்கின் வரியில்லாத் துறைமுகத் தகுதி போனது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அதே ஆண்டு பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவானது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் திறந்தது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், பாஷ், ஹிட்டாச்சி என்று நிறுவனங்கள் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், பால்வாளியை விட்டுவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிய காலம் அது. வேலை தீவில், தாய்வீடு இக்கரையில் என்ற பிளவு அன்று தொடங்கியது.

1985இல் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பாலம் திறந்தது. 2014 மார்ச்சில் பத்து மாவுங்கையும் பத்து காவானையும் இணைத்து இரண்டாவது பாலம் வந்தது. பாலத்தைப் போக்குவரத்துத் திட்டம் என்றுதான் பேசுகிறோம். எனக்கு அது வீடமைப்புத் திட்டமாகவே படுகிறது. தீவில் வேலை பார்ப்பவர் படுத்துறங்கக்கூடிய நிலத்தின் எல்லையை ஒரே நாளில் அது பல மடங்கு விரித்துவிடுகிறது. அதுவரை செம்பனைக்கு மட்டுமே விலை போன மண்ணுக்குத் தீவின் சம்பளம் போட்டியாக வந்து நிற்கிறது.

எவ்வளவு போட்டி என்பதைக் காசில் கணக்கிட முடியும். முதல் பாலத்தில் காருக்குச் சுங்கம் 5 வெள்ளி (ரிங்கிட்) 74 காசு. மாதம் 22 நாள் வேலைக்குப் போனால் 126 வெள்ளி. 35 ஆண்டுத் தவணையில் நான்கு விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்குகிறவருக்கு, மாதம் 126 வெள்ளி என்பது கிட்டத்தட்ட 28,000 வெள்ளிக் கடனுக்கான தவணை. அதாவது மற்றதெல்லாம் ஒன்றாகவே இருந்தாலும், பாலத்துக்கு இக்கரையில் உள்ள வீடு சுங்கத்துக்காக மட்டுமே 28,000 வெள்ளி குறைவாக இருந்தாக வேண்டும். பெட்ரோல், நேரம், அலுப்பு எல்லாம் இதற்கு மேல். 2019 ஜனவரி முதல் இரு பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கம் கிடையாது. உழைக்கும் குடும்பங்களுக்கு அது உண்மையான நிம்மதி. அதில் ஒரு பகுதி காலப்போக்கில் வாடகையாகவும் வீட்டு விலையாகவும் வேறொருவர் கைக்குப் போய்ச் சேரும். பயணச் செலவைக் குறைக்கும் எந்த நல்ல காரியத்துக்கும் இந்த மறுபக்கம் உண்டு. அக்காரியத்தோடு கூடவே வீடுகளும் பெருகினால்தான் பலன் குடியிருப்பவருக்கு நிற்கும்.

தாசேக் கெலுகோருக்கு ஈர்ப்பு மூன்று பக்கம். மேற்கே தீவும் பட்டர்வொர்த்தும். தெற்கே பிறையும் பத்து காவான் தொழிற்பேட்டையும். தென்கிழக்கே கெடாவின் கூலிம். 1996இல் தொடங்கிய கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் இன்ஃபினியன் நிறுவனம் சிலிக்கான் கார்பைடு சில்லு ஆலையை 2024இல் திறந்தது. 2021 டிசம்பரில் இன்டெல் மலேசியாவில் 3,000 கோடி வெள்ளி முதலீட்டை அறிவித்தது. இப்படி ஒரு அறிவிப்பு வந்த மறுநாளே நிலத்தரகர்களின் கைப்பேசி ஓயாமல் அடிக்கிறது. ஆலை திறக்க ஐந்து வருடம் ஆகலாம். நிலத்தின் விலை அதுவரை காத்திருப்பதில்லை. நாளை வரப்போகும் தேவைக்கு இன்றே விலை வைப்பதுதான் நிலச் சந்தையின் குணம்.

இதோடு, சத்தமில்லாமல் தேவையைக் கூட்டும் இன்னொன்றும் இருக்கிறது. 2010இல் மலேசியக் குடும்பம் ஒன்றில் சராசரியாக 4.2 பேர், 2020இல் 3.8 பேர். மக்கள்தொகை ஒரு தலைகூடக் கூடாவிட்டாலும், குடும்பம் சிறுத்தால் வீட்டின் எண்ணிக்கை கூட வேண்டும். நம் குடும்பங்களையே பாருங்கள். அண்ணன் தம்பி மூன்று பேரும் அப்பா அம்மாவும் ஒரே பலகை வீட்டில் இருந்த இடத்தில் இன்று நான்கு சாவிக்கொத்து தேவைப்படுகிறது.

கோலாலம்பூரில் கால் விழுக்காடு

வீட்டை நாம் விலை பார்த்து வாங்குவதாக நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலானோர் வாங்குவது மாதத் தவணையை. 3 லட்சம் வெள்ளி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு முன்பணம் போக 2,70,000 வெள்ளி கடன், 35 ஆண்டு. வட்டி நான்கு விழுக்காடானால் தவணை ஏறத்தாழ 1,195 வெள்ளி. மூன்றானால் 1,040. ஐந்தானால் 1,360.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மாதம் 1,195 வெள்ளிதான் கட்ட முடியும் என்ற குடும்பத்துக்கு நான்கு விழுக்காட்டில் 2,70,000 கடன் கிடைக்கும். மூன்று விழுக்காட்டில் அதே சம்பளத்துக்கு 3,10,000. சம்பளம் ஒரு காசு ஏறவில்லை, ஆனால் கையில் 40,000 வெள்ளி கூடிவிட்டது. எல்லாக் குடும்பங்களுக்கும் இப்படிக் கூடி, வீட்டின் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருந்தால், அந்த 40,000 வெள்ளி எங்கே போகும்? விலைக்குள் போகும். நோய்த்தொற்றுக் காலத்தில், 2020 ஜூலையில், மத்திய வங்கியான பேங்க் நெகாரா கொள்கை வட்டியை 1.75 விழுக்காடாக்கியது. 2022 மே முதல் படிப்படியாக ஏற்றி 2023 மேயில் மூன்றில் நிறுத்தியது. 2025 ஜூலையில் 2.75. வட்டி இறங்கும் ஒவ்வொரு முறையும் "கடன்காரர்களுக்கு நிம்மதி" என்று செய்தி வரும். ஏற்கெனவே வாங்கியவருக்கு நிம்மதிதான். இனிமேல் வாங்கப் போகிறவருக்குப் பாதிதான் உண்மை.

மத்திய வங்கிக்கும் இது தெரியும். அதனால்தான் 2010 நவம்பரில் மூன்றாவது வீட்டுக்கான கடனை மதிப்பில் 70 விழுக்காட்டுக்கு மேல் போகவிடாமல் தடுத்தது. 2013இல் 45 ஆண்டுவரை நீண்டிருந்த தவணைக் காலத்தை 35ஆகக் குறைத்தது. கட்டி முடியும்வரை வட்டியை மேம்பாட்டாளரே சுமக்கும் கவர்ச்சித் திட்டங்கள் 2014 வரவு செலவுத் திட்டத்தோடு தடைசெய்யப்பட்டன. அந்தத் திட்டங்களில் வட்டியை யாரும் தானம் செய்யவில்லை. வீட்டு விலையில் ஏற்றித்தான் வசூலித்தார்கள். ஊக வணிகத்தை அடக்கிய இந்த முடிவுகள் சரியானவை என்றே சொல்வேன். தேவையின் பக்கம் செய்ய வேண்டிய காரியம் அது.

நிலம் கிடக்கிறது, வீடு வருவதில்லை

இனி அளிப்பின் பக்கம். இக்கட்டுரையின் கனம் இங்கேதான்.

ஒரு பொருளின் விலை ஏறினால் உற்பத்தி கூடும், கூடினால் விலை இறங்கும் என்று பள்ளியில் படித்தோம். கத்தரிக்காய்க்கு அது பொருந்தும். அடுத்த பருவத்துக்குள் சந்தைக்கு வந்துவிடும். வீட்டுக்கு அது வருடக் கணக்கு.

தாசேக் கெலுகோரைச் சுற்றியுள்ள நிலத்தைத் தோராயமாக மூன்றாகப் பிரிக்கலாம்: வயல், தோட்டம், கம்பத்து மனை. வட செபராங் பிறை பினாங்கின் நெற்களஞ்சியம். வயலைத் தூர்த்து வீடு கட்டினால் சோற்றுக்கும் வெள்ளத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மாநிலத்தின் குடிநீருக்குப் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. அந்தப் படுகையைச் சிமெண்டால் மூடுவது தற்கொலை. ஆக, வயலைத் தொடாதே என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. கம்பத்து மனைகளில் பங்காளிகள் பெயரில் பிரியாமல் கிடப்பவை உண்டு. தாத்தா பெயரில் ஒரு கிராண்ட் (நிலப் பட்டா), பேரப்பிள்ளைகள் பதினைந்து பேர், ஒருவர் கையெழுத்துக்கு ஆஸ்திரேலியாவுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்ற கதை எல்லா இனத்தாரிடமும் உண்டு.

மிஞ்சுவது தோட்டம். பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள். ஆனால் தோட்டத்தின் கிராண்ட்டில் 'விவசாயம்' என்று எழுதியிருக்கும். அதைக் 'கட்டடம்' என்று மாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்கீழ் மாநில அரசுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிரீமியம் கட்ட வேண்டும். நாற்பது எக்டருக்குக் குறையாத தோட்டமானால் விற்பதற்கே 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். பிறகு செபராங் பிறை மாநகர் மன்றத்தின் திட்ட அனுமதி. சாலை, வடிகால், தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் என்று ஒவ்வொரு துறையின் இசைவு. பெரிய திட்டமானால் ஒரு பங்கை மலிவு வீடாகக் கட்டித் தர வேண்டும். இதற்கெல்லாம் பிறகுதான் விற்பனை உரிமம், விளம்பரப் பலகை, மாதிரி வீடு. வாங்குகிறவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து தரைவீட்டுக்கு 24 மாதம், அடுக்குமாடிக்கு 36 மாதம் என்பது சட்டம் தரும் கெடு. முதல் விண்ணப்பத்திலிருந்து சாவி வரை எண்ணினால், தொடங்கும்போது இருந்த வட்டியும் வேலை நிலவரமும் முடியும்போது இருக்காது.

இந்தத் தாமதம் சும்மா ஓடும் காலமல்ல. நிலம் வாங்கக் கடன் பெற்ற நிறுவனம் ஒவ்வொரு மாதமும் வட்டி கட்டுகிறது; அது விலையில் ஏறுகிறது. சிமெண்டும் இரும்பும் காத்திருப்பதில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கட்டுமானத் தளங்கள் நின்றன, வெளிநாட்டுத் தொழிலாளர் வரவு நின்றது. திரும்பத் தொடங்கியபோது பொருள் விலை வேறாக இருந்தது. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் உதவித்தொகை எடுக்கப்பட்டு, லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போனது. மண் ஏற்றும் லாரியும் மண் அள்ளும் இயந்திரமும் குடிப்பது டீசல்தான்.

கேள்வி ஒன்று எழும்: அப்படியானால் வீடு பற்றாக்குறையா? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தேசியச் சொத்துத் தகவல் மையமான நாப்பிக்கின் கணக்கில், கட்டி முடித்துத் தகுதிச் சான்றிதழும் பெற்று, விற்பனைக்கு வந்து ஒன்பது மாதம் கடந்தும் விலைபோகாத வீடுகள் 2023 இறுதியில் நாடு முழுக்க 25,000க்கு மேல். ஒரு பக்கம் வீடு கிடைக்காத குடும்பம்; மறுபக்கம் ஆள் கிடைக்காத வீடு. இரண்டும் ஒரே நாட்டில், சமயத்தில் ஒரே மாநிலத்தில்.

முரண் எதுவும் இல்லை. கட்டுகிறவர் எந்த வீட்டில் லாபம் நிற்கிறதோ அதைக் கட்டுகிறார். நிலம் விலையேறியதென்றால் அதன்மேல் மலிவு வீடு கட்டினால் கட்டுபடியாகாது. எனவே 5 லட்சத்துக்கு மேற்பட்ட அடுக்குமாடி. அதை வாங்க ஆள் குறைவு. பேங்க் நெகாராவின் கணக்குப்படி 2016இல் ஒரு நடுத்தர மலேசியக் குடும்பத்தால் தாங்கக்கூடிய அதிகபட்ச விலை 2,82,000 வெள்ளி. சந்தையின் நடுவிலை 3,13,000. கசானா ஆய்வு நிறுவனம் 2015இல் இன்னொரு அளவுகோலை வைத்தது: வீட்டின் நடுவிலை, குடும்பத்தின் ஆண்டு வருமான நடுமதிப்பைப்போல் மூன்று மடங்குக்குள் இருந்தால் தாங்கும் விலை. 2014இல் நாட்டுக்கு அது 4.4 மடங்கு, பினாங்குக்கு 5.2.

அந்த அளவுகோலைத் தாசேக் கெலுகோருக்குக் கொண்டு வருவோம். 2022இல் நாட்டின் குடும்ப வருமான நடுமதிப்பு மாதம் 6,338 வெள்ளி. ஆண்டுக் கணக்கை மூன்றால் பெருக்கினால் 2,28,000. ஆனால் கணவனும் மனைவியும் குறைந்தபட்சச் சம்பளத்தில் இருக்கும் குடும்பத்தை எடுத்தால், 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளிப்படி இருவருக்கும் சேர்த்து 3,400. அவர்களுக்குத் தாங்கும் விலை 1,22,000 வெள்ளி. இந்த விலைக்குப் புதுத் தரைவீடு கட்டித் தரத் தனியாருக்கு எந்தக் காரணமும் இல்லை. அரசு விலை நிர்ணயித்த 42,000 வெள்ளி மலிவு வீடும் 72,500 வெள்ளி நடுத்தர மலிவு வீடும் இருக்கின்றன. அவை எண்ணிக்கையில் குறைவு, பெரும்பாலும் அடுக்குமாடி. நடுவில் உள்ள இடம், அதாவது ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரையிலான வீடு, வெற்றிடமாகக் கிடக்கிறது. பற்றாக்குறை அங்கேதான்.

விலையைக் கட்டிப்போட்டால் என்ன?

பினாங்குக்கு அந்த அனுபவமும் உண்டு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி இறுதிக்கு முன் கட்டிய கட்டடங்களுக்குப் பொருந்தியது. ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளில் மிகப் பல அதில் அடங்கின. பல்லாண்டுகளாக ஏறாத வாடகையில் தையற்காரரும் நகைத்தொழிலாளியும் மளிகைக்காரரும் நகர நடுவில் வாழ்ந்தார்கள். கூரை ஒழுகினாலும் உரிமையாளர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாடகையில் பார்க்கவும் முடியாது. 1997இல் சட்டத்தை நீக்க முடிவாகி, 2000 ஜனவரி முதல் நாள் கட்டுப்பாடு போனது. வாடகை பல மடங்கானது. ஏராளமான குடும்பங்கள் நகரைவிட்டு வெளியேறின. எட்டு ஆண்டு கழித்து, 2008 ஜூலையில், யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. காலியான கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகின.

நான் இதில் படிக்கும் பாடம் வாடகைக் கட்டுப்பாடு கெட்டது என்பதல்ல. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலையை நிறுத்தி வைத்திருந்த காலத்தில், அந்தக் குடும்பங்கள் போக வேண்டிய வீடுகளை யாரும் கட்டவில்லை. சட்டம் ஒரு நாளில் நீங்கியது. வீடு ஒரு நாளில் முளைக்காது.

சிங்கப்பூர் அதே 1966இல் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்து, 1960இல் உருவான வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கையில் நிலத்தைக் கொடுத்தது. இன்று அங்கே குடியிருப்போரில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் கழக வீடுகளில் இருக்கிறார்கள். அங்கேயும் விலை ஏறுகிறது, மறுவிற்பனையில் பத்து லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டும் வீடுகளும் உண்டு. ஆனால் முதல் வீடு தேடும் இளம் தம்பதிக்கு அரசே கட்டி விற்கும் ஒரு வரிசை இருக்கிறது. வேறுபாடு, நிலம் யார் கையில் என்பதில்.

லயத்திலிருந்து தாமானுக்கு

நிலம் யார் கையில் என்ற இந்தக் கேள்வியில்தான் நம்மவர் கதை வருகிறது. தோட்டத்து லயத்து வீடு வேலையோடு கட்டிய வீடு. பால்வெட்டும்வரை கூரை; ஓய்வு பெற்றால் மூட்டை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் தண்ணீரையும் கழிப்பறையையும் பற்றிப் பேசியது. சொந்தப் பட்டா பற்றிப் பேசவில்லை. மூன்று தலைமுறை ஒரே மண்ணில் பிறந்து இறந்தும், அந்த மண் விலையேறியபோது ஏற்றத்தில் ஒரு காசு பங்கு இவர்களுக்கு இல்லை. ஏறிய விலையைக் கொடுக்க வேண்டியவர்களாக மட்டும் இருக்கிறார்கள். சந்தையில் முன்பே நிலம் வைத்திருந்தவருக்கு விலையேற்றம் சொத்து; வைத்திராதவருக்கு அது கடன்.

இதை முன்கூட்டியே கண்டவர் அன்று அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன். 1950களில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக் கப்பலேறியபோது ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. தொழிலாளர்களே காசு போட்டுத் தோட்டத்தை வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம், தாசேக் கெலுகோருக்குத் தூரமில்லை. கூலியில் மாதாமாதம் பிடித்துக் கொடுத்த வெள்ளியில் மண் வாங்கிய சமூகம் இது. அந்த வழி ஏன் வீடுவரை வந்து சேரவில்லை என்பது நாம் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி.

தீவில் உள்ள இன்னொரு கெலுகோரில், கம்போங் புவா பாலாவில், 2009இல் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாடு வளர்த்து வாழ்ந்த பழைய தமிழ்க் கிராமம். நிலம் அரசிடமிருந்து ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனது, வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை நடந்து தோற்றது, இயந்திரங்கள் வந்தன. இழப்பீடாக இரண்டு மாடித் தரைவீடு தருவதாகப் பேச்சு நடந்தது. ஏற்றவர் உண்டு, மறுத்தவர் உண்டு. அரசியலை விடுங்கள். நிலத்தின் மதிப்பு ஏறி, பட்டா வேறொருவர் பெயரில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி பினாங்கில் இல்லை.

அக்கெலுகோரில் நடந்தது இக்கெலுகோரிலும் நடக்காமலிருக்க இன்னும் நேரம் இருக்கிறது. 2015இல் மின்சாரக் கொமுட்டர் ரயில் இந்த வழியில் ஓடத் தொடங்கியது. இங்கே ஏறினால் பட்டர்வொர்த்தில் இறங்கி, பினாங்கு சென்ட்ரலைக் கடந்து, பெரி பிடித்து ஜார்ஜ் டவுன் போகலாம். பாலமும் வேண்டாம், சுங்கமும் வேண்டாம். 2025 ஜனவரியில் பணி தொடங்கிய முத்தியாரா எல்ஆர்டி, தீவின் தெற்கிலிருந்து கொம்தார் வழியாகக் கடலைக் கடந்து பினாங்கு சென்ட்ரலுக்கே வருகிறது. 2031இல் முடிப்பது இலக்கு. முடிந்தால், தாசேக் கெலுகோரில் ரயில் ஏறுகிறவர் ஒரே ஒரு மாற்றத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வாசலுக்குப் போகலாம். நிலையத்தைச் சுற்றியுள்ள நிலத்தை வாங்கி வைக்க வேண்டியவர்களுக்கு இந்தக் கணக்கு என்றோ தெரியும்.

மாநில அரசுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள் மாநிலம் இப்போதே நிலம் எடுத்து, ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வெள்ளிக்குள் தரைவீடுகளும் குறைந்த மாடி வீடுகளும் கட்டினால், அந்த வெற்றிடம் நிரம்பும். விலையை நிர்ணயிக்கும்போது தீவின் சம்பளத்தைப் பார்க்கக் கூடாது; செபராங் பிறையின் சம்பளத்தைப் பார்க்க வேண்டும். அத்தகைய வீட்டைப் பத்து ஆண்டுக்குள் விற்றால் மாநிலத்துக்கே திருப்பி விற்க வேண்டும் என்ற நிபந்தனையும் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் கைக்குப் போகும்போதே சந்தை விலையாகிவிடும்.

தோட்ட நிலத்துக்கு என் கோரிக்கை இன்னும் குறுகியது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றக் கேட்கும் விண்ணப்பம் மாநில ஆட்சிக்குழுவின் மேசையில் இருக்கும் அந்தச் சில மாதங்கள்தான் லயத்துக் குடும்பங்களுக்குப் பேரம் பேசும் பலம் உள்ள காலம். அனுமதிக் கடிதம் போன மறுநாளே அந்தப் பலம் போய்விடுகிறது. ஆகவே அனுமதிக்கான நிபந்தனையாகவே, அந்தத் தோட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதே நிலத்தில் ஒரு வீடும், அவர்கள் பெயரிலேயே ஒரு கிராண்ட்டும் எழுதப்பட வேண்டும். தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் எந்தெந்தத் தோட்டங்களுக்கு இப்படி விண்ணப்பம் போயிருக்கிறது, எத்தனை குடும்பங்கள் இன்னும் லயத்தில் இருக்கின்றன என்ற பட்டியலை நம் சட்டமன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கமும் கோயில் நிர்வாகங்களும் இந்த ஆண்டே கேட்டு வாங்க வேண்டும்.